நாற்பத்தைந்தாம் இடம்

மில்லில் முப்பத்தொரு வருடம் டைம் ஆபீசில் இருந்தேன். எட்டு மணிச் சங்கு ஊதி ஒரு நிமிடம் கழித்து வந்தவனுக்கு எட்டு ஒன்று என்றுதான் எழுதினேன். என் சொந்த மைத்துனன் வந்தபோதும் அப்படித்தான். ஆகவே மூன்று நாள் சைக்கிள் பந்தயத்துக்கு நேரம் குறிக்க என்னைக் கூப்பிட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. என் மகள் கார்குழலியும் ஓட்டுகிறாள், இது முறையல்ல என்று சொன்னேன். வெயிலில் உட்கார வேறு ஆள் இல்லை என்றார்கள்.

கார்குழலிக்கு முப்பத்தொன்பது வயது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குப் போவதும் வருவதும் சைக்கிளில்தான். பந்தயத்தில் நாற்பத்தாறு பேர். மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, குறைவாக உள்ளவரே வென்றவர். இரண்டாம் நாள் மாலை உப்பளம் மைதானத்தில் ஒட்டிய பட்டியலில் நாற்பத்தாறாவது பெயர் அவளுடையது. அதற்கு மேலே குருசுக்குப்பம் அம்மாவாசை, மீன் ஏலம் விடுகிறவர். அவளைவிட ஒரு நிமிடம் இருபது வினாடி முன்னால் இருந்தார்.

எங்கள் வீட்டுப் பெயர் ஒரு பட்டியலின் அடியில் இருந்து நான் பார்த்ததில்லை. பந்தயத்தின் பதிவேட்டை வைத்திருக்கும் வினோத்குமாரிடம் போனேன். அவர் கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார்.

"நாளைக்கு அவ ஓட்ட மாட்டா. பேரை எடுத்துடுங்க."

"எடுத்துடலாம்யா. ஆனா வெலகினவங்கள யாரும் ஞாபகம் வச்சிக்க மாட்டாங்க. கடைசி ஆள வச்சிப்பாங்க. பிரான்சுல முதமுதல்ல நடந்த பந்தயத்துல அறுவது பேர் கெளம்பி இருவத்தோரு பேர்தான் வந்து சேந்தாங்க. கடைசி ஆள் ஜெயிச்சவனுக்கு அப்புறம் கிட்டத்தட்ட அறுவத்தஞ்சு மணி நேரம் கழிச்சு. நூத்தி இருவது வருஷம் ஆச்சு, இன்னிக்கும் அவர் பேர் இருக்கு."

"முதல் ஆளு பேரும் இருக்குமே."

"அத நம்ப முடியாதுய்யா. அடுத்த வருஷமே ஏமாத்திட்டாங்கன்னு முதல் நாலு பேரையும் தூக்கிட்டாங்க. அஞ்சாவதா வந்தவருக்குப் பட்டம். கடைசி ஆளு மேல அந்த மாதிரி சந்தேகம் வராது பாருங்க. அவங்களுக்குப் பேரே வச்சிருக்கான் பிரெஞ்சுக்காரன், சிவப்பு லாந்தர்னு. ரயிலு கடைசிப் பொட்டியில தொங்குமே, அது. நம்ம விழா மலர்லயும் முதல் ஆள் படமும் கடைசி ஆள் படமும் போடுறோம். மேடையில மாலை உண்டு."

"நாற்பத்தைந்தாவது ஆளுக்கு?"

"அவருக்கு ஒண்ணும் கெடையாது."

நான் பெயரை எடுக்க வேண்டாம் என்றேன். திரும்பினால், பின்னால் அம்மாவாசை நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது அவர் சிரிப்பில் தெரிந்தது.

மூன்றாம் நாள் ஒவ்வொருவராகத் தனியே ஓட்ட வேண்டும். உப்பளத்தில் கிளம்பி, தவளக்குப்பம் போய்த் திரும்ப வேண்டும். பட்டியலில் கடைசியில் இருப்பவர் முதலில் கிளம்புவார், நிமிடத்துக்கு ஒருவர். அன்றைக்கு வேகமாக வந்தவர் எடுத்த நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் எடுத்தால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். அந்த வேகமான ஆள் பெரும்பாலும் கடைசியில் கிளம்புகிறவர் என்பதால், முதலில் ஓட்டுகிறவர்களுக்கு எல்லை எது என்று தெரியாது.

கிளம்பும் முன் மகளிடம் சொன்னேன்: "காத்து எதுத்து அடிக்குது. ரொம்ப அவசரப்படாத."

"எங்க காத்து? கொடி கூட ஆடல. நேத்து வரைக்கும் ஏன் இப்படி இழுக்குறன்னு கேட்டீங்க."

"உடம்புக்குச் சொன்னேன்."

"மூச்சப் புடிச்சி ஓட்டப் போறேன்பா. கடைசின்னா கடைசி."

முப்பத்தாறு நிமிடம் பத்து வினாடியில் வந்துவிட்டாள். குனிந்து நின்று மூச்சு வாங்கியபடி, "பரவாயில்லயே நானு!" என்றாள். நான் எழுதிக்கொண்டேன்.

அம்மாவாசை அரியாங்குப்பம் பாலத்தில் இறங்கி ஆற்றைப் பார்த்தாராம். இளநீர் குடித்தாராம். என் கடிகாரத்தில் முப்பத்தொன்பது நிமிடம் நான்கு வினாடி. அரை மணி நேரம் போல் கழித்து, வென்றவர் சரியாக இருபத்தாறு நிமிடத்தில் வந்தார். எல்லை முப்பத்தொன்பது.

"நாலு செகண்டுதான பெரியவரே!" என்று அம்மாவாசை மேசையைப் பிடித்துக்கொண்டார். "போன வருஷம் ஜெயிச்சவன் இருவத்தேழு நிமிஷம். நாப்பதுக்கு மேல இருக்குன்னு கணக்கு போட்டேன். ஏலத்துல ஒரு வஞ்சரத்தத் தூக்கிப் பாக்கவே பத்து செகண்டு ஆவும்!"

வினோத்குமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எழுவத்தொம்போதுல பிரான்சுல இதேதான்யா ஆச்சு! ரெண்டு பேர் கடைசி எடத்துக்குப் போட்டி போட்டு, ஒருத்தர் ரொம்ப மெதுவா ஓட்டி வெளிய போயிட்டார்!"

கூட்டத்தில் யாரோ, "அப்பன் கடிகாரம் பொண்ணுக்காக ஓடுது" என்றான்.

யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடிகாரம் சரி. எழுதியதும் சரி. அம்மாவாசை போனால் கடைசி இடம் கார்குழலிக்கு. ஆனால் மலரில் அந்தப் படத்தைப் பார்க்கிற ஒவ்வொருவனும் இந்த வாக்கியத்தைச் சேர்த்துத்தான் பார்ப்பான்.

"லேட்டா வந்தவங்கள நடுவருங்க சேத்துக்கலாமா?" என்று வினோத்குமாரிடம் கேட்டேன்.

"நம்ம விதியிலயும் இருக்குய்யா. பிரான்சுல ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல ஒரே நாள்ல எண்பது பேருக்கு மேல லேட்டு. அனுப்பினா பந்தயமே பாதியாயிடும்னு சேத்துக்கிட்டாங்க."

வெள்ளைத் தாளில் நடுவர்களுக்கு எழுதினேன். அம்மாவாசை நான்கு வினாடி தாமதம், அதில் ஐயமில்லை, ஆயினும் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன், கோவிந்தசாமி, நேரக் குறிப்பாளர். கார்குழலி வாங்கிப் படித்தாள்.

"அவரச் சேத்தா நான் நாப்பத்தஞ்சு. மாலை கெடையாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"தேதி போடல. போடுங்க."

நடுவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவாசை மாலையோடு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வஞ்சரம் அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

மறுநாள் வினோத்குமார் வீட்டுக்குப் போனேன். கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தவர்களுக்கென்று உலகத்தில் எங்காவது பட்டியல் உண்டா என்று கேட்டேன். அரை மணி நேரம் கணினியில் தேடிவிட்டு, தன் கண்ணில் படவில்லை என்றார்.

"நீங்க ஆரம்பிங்க."

"நானா?"

"வாத்தியார்தான நீங்க?"

புது நோட்டு ஒன்றை எடுத்து, ஒன்று என்று எண் போட்டு, கோ. கார்குழலி, முத்தியால்பேட்டை, நாற்பத்தாறில் நாற்பத்தைந்து என்று எழுதினார். வாங்கி ஒரு முறை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.