ஓட்டுநர் கோளாறு

பெங்களூர் காக்ஸ் டவுனில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் பிரிஜெட்டிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேருக்கு இன்னும் சரியாக ஓட்டத் தெரியாது என்பது அவளுடைய அபிப்பிராயம்.

ஓஸ்வால்ட் டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருஷமாக அவள் இடம் இடதுபக்க சீட்டு. அந்தப் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவள் மாட்டைக் கண்டு பதறினாலும் மாநகராட்சி லாரியைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டாலும் பிரிஜெட்டின் கால் அதுபாட்டுக்கு வேலையைப் பார்த்துவிடும். இத்தனை வருஷத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சமும் கிடையாது.

ஜூன் மாதம் கார் கம்பெனி ஓசியில் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுத் தருவதாகச் செய்தி அனுப்பியது. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஆள் ஓஸ்வால்ட். அன்றைக்கே வண்டியை அனுப்பி வைத்தார். அப்டேட் ஆகி வந்த நாளிலிருந்து வண்டிக்கு அடங்காத பசி. திங்கட்கிழமை நிரப்பினால் சனிக்கிழமை வரை தாங்குகிற டேங்க், வியாழக்கிழமையே வறண்டது. கிளட்சை விட்டால் போதும், வண்டி முண்டிக்கொண்டு பாய்ந்தது.

"என்னா பிரிஜெட், சொந்த வேலைக்கு எங்கனா எடுத்துட்டுப் போறியா?" என்று ஓஸ்வால்ட் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"என் சொந்த வேலைக்கு பிஎம்டிசி பஸ் இருக்கு சார்" என்றாள்.

அவளே வண்டியை சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போய், நடந்ததை விவரமாகச் சொல்லி, விட்டுவிட்டு வந்தாள். மறுநாள், வெள்ளிக்கிழமை சாயந்திரம், ஓஸ்வால்ட் கூப்பிட்டனுப்பினார். மேஜையின் மேல் சர்வீஸ் சென்டர் அனுப்பிய ரிப்போர்ட் கிடந்தது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. சாஃப்ட்வேரில் பிழை எதுவும் இல்லை. எரிபொருள் அதிகம் செலவாகக் காரணம் ஓட்டுநர் கோளாறு. வண்டியைக் கொண்டுவந்தவரே இதைத் தெரிவித்தார்.

"நீயே ஒத்துக்கிட்டேன்னு போட்டிருக்கான்" என்றார் ஓஸ்வால்ட்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல சார்."

"காயிதத்துல இருக்கே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒரு வழி. "கால்ல வலி கிலி இருந்தா சொல்லிருக்கலாம் இல்ல? கிளட்ச் மேலயே கால வச்சிக்கினு இருக்கியோ என்னமோ. வயசாவுது, தப்பு ஒண்ணும் இல்ல. திங்கக்கெழமையிலேர்ந்து சஞ்சய் உன் வண்டிய எடுத்துப்பான். நீ இங்க உக்காரு. போன் எடு, எல்எல்ஆர் ஃபார்ம் ரொப்பு. நெழல்லயே இருக்கலாம்."

சஞ்சய் இரண்டாவது வண்டிக்குக் கற்றுக்கொடுக்கிறவன். அவனிடம் மூன்று மாதம் கற்றுக்கொண்டு, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் பிரிஜெட்டிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

வீட்டுக்கு நடந்து போகும்போது பிரிஜெட்டுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. வண்டியை விட்டு இறக்கியதுகூட அப்புறம். பத்தொன்பது வருஷமாக அவள் சொன்ன சொல் ஒரு பக்கம், முன்பின் தெரியாத யாரோ அடித்த இரண்டு வரி ஒரு பக்கம் என்று வந்தபோது, மனுஷன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையே! அதுதான் எரிந்தது. திங்கட்கிழமை அந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டால், அந்த இரண்டு வரியை அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஜீவனஹள்ளி முதல் அல்சூர் வரை எவளும் அவளிடம் கற்றுக்கொள்ள வர மாட்டாள்.

சனிக்கிழமை காலை சர்வீஸ் சென்டர் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக அவள் நின்றாள்.

முந்தாநாள் வண்டியை எழுதி வாங்கிய அதே பையன்தான் கையில் டேப்லெட்டோடு ஓடிவந்தான். சட்டையில் பாலகுமார் என்று பெயர் குத்தியிருந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும்.

"மேடம், காடி ரெடி இதே. நிம்ம போனிகெ ஒந்து ஓடிபி பந்திதே, ஹேளி" என்று கன்னடத்தில் கடகடவென்று ஒப்பித்தான். வண்டி தயார், போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். "ஆமேலே கம்பெனியிந்த கால் பருத்தே. பத்துக்கு பத்து மார்க்ஸ், ப்ளீஸ் மேடம்." அப்புறம் கம்பெனியிலிருந்து போன் வருமாம்.

அவள் போனைப் பார்த்தாள். நம்பர் வந்திருந்தது. அதை இவள் சொன்னால்தான் அவர்கள் கணக்கில் வேலை முடியும், ஜாப் கார்டை மூட முடியும். இதெல்லாம் பிரிஜெட்டுக்கு அத்துப்படி. போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஓடிபி ஹேளல்லா" என்றாள். சொல்ல மாட்டேன்.

பையன் முழித்தான். ஓட்டுநர் கோளாறு என்று நான் எப்போது சொன்னேன் என்று அவள் கன்னடத்தில் ஒரு பிடி பிடித்தாள். காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள், கன்னடம் அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். அதில் பாதி அவனுக்குப் போய்ச் சேரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "நீவே ஹேளித்ரி மேடம், நீவே ஹேளித்ரி" என்று, நீங்களேதான் சொன்னீர்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அப்புறம் பக்கத்திலிருந்த தூணைப் பார்த்து, "ஐயோ முருகா, இந்தம்மா இன்னைக்கு நம்மள வுட மாட்டாங்க போலயே" என்று முனகினான்.

"விட மாட்டேன்தான்" என்றாள் பிரிஜெட் தமிழில். "நீ எந்த ஊருப்பா?"

பையன் தூணை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "ஆரணிங்கக்கா. வந்து நாலு மாசம் ஆவுது."

"அடப்பாவி. நீயும் தமிழ், நானும் தமிழ். ரெண்டு பேரும் எதுக்கு கன்னடத்துல மாரடிச்சோம்? நான் சொன்னது உனக்கு என்னன்னு கேட்டுச்சி?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க நெறைய சொன்னீங்கக்கா. ரொம்ப வேகமா. எனக்குப் புரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். காடி ஆளு, காடி ஆளுன்னீங்க. வண்டி ஓட்டுற ஆளுதான் பிரச்சனைன்னு எழுதிக்கிட்டேன். கடைசியா ஆளாய்த்துன்னு வேற சொன்னீங்க. வண்டி எப்படி ஆளாவும்னு அதை மட்டும் வுட்டுட்டேன்."

பிரிஜெட் தலையில் அடித்துக்கொண்டாள். ஹாளு என்றால் கன்னடத்தில் கெட்டுப்போனது. காடி ஹாளாய்த்து, வண்டி கெட்டுப்போயிற்று. வேகமாகப் பேசினால் ஹா தேய்ந்து ஆ ஆகிவிடும், இந்தப் பக்கத்தில் எல்லார் வாயிலும் அப்படித்தான். அப்டேட் போட்டு வண்டியைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அவள் திட்டியது, ஆரணிக் காதில் ஆள் சரியில்லை என்று விழுந்திருக்கிறது.

"ஆமாம்பா, வண்டி வயசுக்கு வந்துடுச்சி, மஞ்சத்தண்ணி ஊத்துங்கன்னு உங்கிட்ட கொண்டாந்து விட்டேன்! புரியலன்னா கேக்கறதுக்கு என்ன கேடு?"

"கன்னடம் வரும்னு சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேங்கக்கா. கேட்டா மாட்டிக்குவேன். வேலை போயிரும்."

"உன் வேலை போகக் கூடாதுன்னு என் வேலைய எழுதிக் குடுத்துட்டியே!"

அந்த நேரம் பார்த்து மேனேஜர் லீனா வந்தாள். ஆங்கிலமும் புன்னகையும் தவிர வேறெதுவும் பேசாதவள். சங்கதியைக் கேட்டுவிட்டு, கார்டில் என்ன வார்த்தை இருந்தால் என்ன, எங்கள் ஸ்கேனர் பிழை இல்லை என்று சொல்லிவிட்டது, வண்டியில் பிழை இல்லையென்றால் ஓட்டுகிற ஆளிடம்தானே இருக்க வேண்டும் என்றாள். டிரைவிங் ஸ்டைல், மேடம்.

மறுபடியும் ஆளு. பிரிஜெட்டுக்கு ரத்தம் தலைக்கேறியது. காத்திருந்த வாடிக்கையாளர்கள் நான்கு பேர் காபிக் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"பாலகுமார், என் வண்டிய வெளிய கொண்டா. அப்டேட் போடாத இதே மாடல் வண்டி இங்க எதுனா இருக்கா?"

"இப்பதான் ஒண்ணு அப்டேட்டுக்கு வந்து நிக்குதுக்கா."

"அதையும் பக்கத்துல நிறுத்து."

லீனா புன்னகையோடு தடுக்கப் பார்த்தாள். "வேணாம்னா போறேன் மேடம்" என்று பிரிஜெட் ஆங்கிலத்தில் சொன்னாள். "ஓடிபியும் என்கூட வீட்டுக்கு வரும். இன்னைக்கு மாசக் கடைசி." புன்னகை கொஞ்சம் இறங்கியது. மாதக் கடைசியில் மூடாத கார்டு ஒன்று கிடந்தால் மேலிடத்தில் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டு வண்டிகளையும் அக்கம்பக்கமாக நிறுத்தினார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, இன்ஜின் சூடாகும்வரை பத்து நிமிஷம் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஏசி வேண்டாம், பாட்டு வேண்டாம், ஹெட்லைட் வேண்டாம். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே. அப்புறம் பாலகுமாரை இறங்கச் சொன்னாள். அவன் இறங்கினான். இன்னொரு வண்டியிலிருந்த மெக்கானிக்கும் இறங்கினான். அவள் நான்கு கதவுகளையும் திறந்து பின் சீட்டையும் காட்டினாள்.

"உள்ள யார்னா இருக்காங்களா, மேடம்?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

"இல்லை" என்றாள் லீனா.

"முள்ளைப் பாருங்க."

வந்து நின்ற வண்டியில் இன்ஜின் வேகம் காட்டும் முள் எண்ணூறுக்குக் கீழே சாதுவாக நின்றது. பிரிஜெட்டின் வண்டியில் அது ஆயிரத்து நூறில் நின்று துடித்தது. நிற்கிற வண்டி, ஓட்ட ஆளில்லாமல், சும்மா கிடந்தே பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது.

"கத்துக்கிறவங்க வண்டி மேடம் இது. பாதி நேரம் நின்னுக்கிட்டேதான் இருக்கும், மீதி நேரம் ஊர்ந்துக்கிட்டு இருக்கும். நிக்கும்போதே இந்த வேகத்துல எரிச்சா டேங்க் எங்கேருந்து தாங்கும்? ஸ்கேனர் பிழை இல்லன்னு சொல்லும். நீங்க போட்ட அப்டேட்டே இதுதான் சரின்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கே! இப்ப சொல்லுங்க. எந்த ஆளு மேல எழுதப் போறீங்க?"

லீனா இரண்டு முள்ளையும் மாறி மாறிப் பார்த்தாள். மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினான். லீனா அவளைத் தனியாக அழைத்துப் போனாள். கம்பெனிக்கு எழுதுகிறேன், இன்றைக்கே பழைய சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டுத் தருகிறேன், ஒரு மணி நேரம், இலவசம். நீங்கள் ஓடிபி மட்டும் சொல்லிவிடுங்கள்.

"கார்டுல இருக்கிற ரெண்டு வரி?"

"அதை மாற்ற முடியாது மேடம். சிஸ்டம் லாக் ஆகிவிட்டது."

பிரிஜெட் சிரித்தே விட்டாள். "என் ஓடிபி விழுந்தாத்தானே உங்க சிஸ்டம் லாக் ஆவும்? யாருக்கு மேடம் காது குத்தறீங்க?"

டேப்லெட்டோடு பின்னாலேயே வந்திருந்த பாலகுமார் லீனாவை முந்திக்கொண்டான். "நான் எழுதினது மேடம், நானே மாத்தறேன்" என்றான் ஆங்கிலத்தில், மெல்ல. பிரிஜெட்டுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் டேப்லெட்டில் அடித்துவிட்டு உரக்க வாசித்தான். அப்டேட்டுக்குப் பிறகு நின்றிருக்கும்போதே இன்ஜின் வேகம் அதிகம். ஓட்டுநர் காரணமல்ல. வாடிக்கையாளர் கன்னடத்தில் சொன்னது எனக்குப் புரியாததால் முதலில் தவறாக எழுதினேன். கீழே அவன் பெயர்.

கன்னடம் புரியாததை எழுத வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அவனாக எழுதினான். லீனா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். "கன்னட கத்துக்கோ, பாலா" என்று உடைந்த தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்குத் தமிழ் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது.

வண்டி கைக்கு வந்து, முள் எண்ணூறுக்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்து, காகிதத்தை வாங்கி மடித்த பிறகுதான் அவள் ஓடிபியைச் சொன்னாள்.

"பத்துக்கு பத்துங்கக்கா?" என்றான் பாலகுமார்.

"நாலு. அந்த நாலும் உனக்கு. கம்பெனிக்கு சைபர்."

சாயந்திரம் மூன்றே முக்காலுக்கு ஓஸ்வால்டின் மேஜையில் அந்தக் காகிதத்தையும் வண்டிச் சாவியையும் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஆளு, ஹாளு கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

"சரி சரி, விடு. திங்கக்கெழமை நீயே வண்டிய எடுத்துக்கோ. சஞ்சய்கிட்ட நான் சொல்லிடறேன்." சாவியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் தொடவில்லை. "ஒண்ணு கேக்கறேன் சார். இந்தக் காயிதம் வராம போயிருந்தா?"

"அதான் வந்துடுச்சே."

"வராம போயிருந்தா?"

ஓஸ்வால்ட் பேனாவை மூடித் திறந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அதுவரை நல்லது. "இங்கதான் உக்கார வச்சிருப்பேன்" என்றார் கடைசியில்.

எதிர்பார்த்த பதில்தான்.

"வண்டி ஆறு வாரமா உங்க வாசல்லதான் சார் நின்னுச்சி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏறி என் பக்கத்துல உக்காந்திருந்தா அந்த முள்ளு உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். நீங்க ஏறவே இல்ல. எவனோ எழுதினத நம்பி என் காலுக்கு வயசாயிடுச்சின்னீங்க. அடுத்த வாட்டி என்னைப் பத்திக் காயிதம் வந்தா, மொதல்ல வண்டில ஏறுங்க. அப்புறம் சொல்லுங்க என்னை எங்க உக்கார வைக்கணும்னு."

ஓஸ்வால்ட் தலையாட்டினார்.

"தலையாட்டுனா பத்தாது சார். வாயால சொல்லுங்க."

வெளியே நான்கு மணி வகுப்புக்காரி வந்து, செருப்பைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஓஸ்வால்ட் அவளைப் பார்த்தார், பிரிஜெட்டைப் பார்த்தார்.

"மொதல்ல ஏறிப் பாக்கறேன், பிரிஜெட்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் சாவியை எடுத்தாள்.