சமர்ப்பி

படகு பட்டர்வொர்த் துறையை விட்டு நகர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கைப்பேசி அதிர்ந்தது. 'உங்கள் குறிப்புக்கு இருவர் ஆமென் சொல்லியிருக்கிறார்கள்' என்றது திரை. நல்லது என்று நினைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகுதான் கேள்வி எழுந்தது. என் குறிப்பை அந்த இருவர் எப்படிப் படித்தார்கள்?

எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் பதினாறு பேர். போன வருடம் பாஸ்டர் எல்லாருடைய கைப்பேசியிலும் ஒரு மின்நூலகத்தை ஏற்றிக் கொடுத்தார். வேதாகமம், விளக்கவுரைகள், அகராதி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. நான் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ரயில் ஏறி, பிறகு படகு ஏறி, எதிர்த் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் வக்கீல் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறவள். அந்தப் பயணம்தான் என் படிப்பு நேரம். பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. அதன் அடியில் 'சேமி', 'சமர்ப்பி' என்று இரண்டு பொத்தான்கள். இத்தனை மாதமும் 'சேமி'யைத்தான் அழுத்தி வந்தேன். அன்று காலை ரயிலில் முதன்முறையாகப் பாடக் குறிப்புக்குப் பதிலாக ஒரு ஜெபம் எழுதினேன். பாடத்தைச் சேமிக்கலாம், ஜெபத்தை யாராவது சேமித்து வைப்பார்களா? அதை ஆண்டவர் பாதத்தில் சமர்ப்பிப்பதுதான் முறை, ஞாயிறுதோறும் அப்படித்தானே சொல்கிறோம். கண்ணை மூடி, பயபக்தியோடு அழுத்தினேன். அது வகுப்பு முழுவதற்கும் அனுப்பி வைக்கிற பொத்தான் என்பது ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கு நடுக்கடலில் வைத்துத்தான் உறைத்தது.

குறிப்பைத் திறந்தேன். 'பாலிக் புலாவில், ஆரம்பப் பள்ளிக்கு எதிர்ச் சந்தில், சித்தி ஹாஜரா வீட்டு மாடி அறையில் ஒளிந்திருக்கும் தனுஜாவைக் காத்தருளும்.' கடவுளுக்கு விலாசம் எதற்கு? எனக்குத்தான் எதையும் விவரமாக எழுதிப் பழக்கம். பதினெட்டு வருடமாக வக்கீல் நோட்டீசுக்கு விலாசம் தட்டுகிற கை, ஜெபத்திலும் சந்து பொந்து விடாமல் எழுதியிருக்கிறது.

தனுஜாவும் எங்கள் வகுப்புதான். பதினோரு நாளைக்கு முன்னால் சபையின் கழிவறையில் கதவைத் தாழிட்டுவிட்டு, ரவிக்கையை இறக்கித் தோளைக் காட்டினாள். தோள் முழுவதும் அடிபட்டுக் கன்றிப் போயிருந்தது. "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. பாஸ்டருக்கும் வேணாம். அவரு சேத்து வைக்கத்தான் பாப்பாரு," என்றாள். அன்று மாலையே வீட்டை விட்டுப் போய்விட்டாள். போன இடம் சித்தி ஹாஜரா என்ற மலாய்ப் பெண்மணியின் வீடு என்பதை என்னிடம் மட்டும் சொன்னாள். கணவன் கண்டுபிடித்துவிடுவான் என்ற பயத்தில் கைப்பேசியை அணைத்தே வைத்திருந்தாள். நண்பகலில் பத்து நிமிடம் மட்டும் திறப்பாள்.

அவள் கணவன் மோகனராஜும் அதே வகுப்பில்தான் இருக்கிறான். நாற்காலி அடுக்குவது, வயதானவர்களைக் காரில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவன்தான். போன ஞாயிறு மனைவியைக் காணவில்லை என்று எல்லார் முன்னாலும் அழுதான். பாதிச் சபையும் கூட அழுதது. எனக்குப் பற்றி எரிந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

'அழி' என்பதை அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடலில் லைன் எப்போதும் இப்படித்தான். அது சுற்றும்போதே குறிப்பின் கீழே மூன்றாவது பெயர் ஏறியது. மோகனராஜ்: ஆமென்.

'அழி'யை மறுபடியும் மறுபடியும் குத்தினேன். வட்டம் நின்று குறிப்பு மறைந்தது. மறைந்து என்ன பயன்? அவன் வேலை செய்யும் தொழிற்சாலையும் தீவில்தான், பாயான் லெப்பாஸில். அங்கிருந்து பாலிக் புலாவுக்கு அரை மணி நேரம். தனுஜாவின் எண்ணை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. படகிலிருந்து எங்கே இறங்கி ஓடுவது? கரை வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனதுக்குள் ஜெபிக்கக்கூட அன்று பயமாக இருந்தது.

துறைமுகத்தில் வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டியவர் நோர்மா, என் வயதுப் பெண். பாலிக் புலாவுக்கு வேகமாகப் போகச் சொன்னேன். ஜெலுத்தோங் தாண்டும்போது அவனே அழைத்தான்.

"அக்கா, ரொம்ப நன்றிக்கா. நீங்க ஒருத்தருதான் அவளுக்காக உண்மையா ஜெபம் பண்றீங்க."

குரலில் கோபமே இல்லை. பின்னால் காரின் சிக்னல் டிக் டிக்கென்று கேட்டது.

"எங்க இருக்க தம்பி?"

"காடியிலக்கா. லீவு சொல்லிட்டேன்."

ஞானஸ்நானம் எடுத்த பிறகு நான் தெரிந்து பொய் சொன்னதில்லை. அன்று தயங்காமல் சொன்னேன். "அங்க போகாத தம்பி. அவ நேத்தே கெளம்பி நிபோங் திபால் போய்ட்டா. எனக்கு ராத்திரிதான் சொன்னா."

டிக் டிக் சத்தம் நின்றது. நம்பிவிட்டான் என்றே நினைத்தேன்.

"ராத்திரியே தெரியும்னா, இன்னைக்குக் காலையில ஜெபத்துல ஏன்கா பாலிக் புலாவ்னு எழுதுனீங்க?" என்றான். "மனுசங்கிட்ட பொய் சொல்லலாம். கடவுள்கிட்டயும் பொய் சொல்லுவீங்களா?"

இணைப்பை அவனே துண்டித்தான்.

நோர்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். என் உடைந்த மலாயில் சொன்னேன்: ஒரு பெண், அடிக்கிற கணவன், நான் செய்த தவறு. அவர் மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு கையால் போலீசுக்கு அழைத்து, விலாசத்தை என்னைச் சொல்லச் சொன்னார். அன்று இரண்டாவது முறையாக அதே விலாசத்தைச் சொன்னேன், சந்து பொந்து விடாமல். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அதன்பின் மலைப்பாதை வந்துவிட்டது. ஒரு லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. நோர்மா வாய்க்குள் திட்டியபடி அதை முந்தினார்.

சந்து முனையிலேயே அவன் காரைப் பார்த்துவிட்டேன். சாத்திய கேட்டுக்கு வெளியே மோகனராஜ் நின்றிருந்தான். உள்ளே ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, கையில் ஈரத்துணியோடு, கேட்டின் பூட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். சித்தி ஹாஜராவாகத்தான் இருக்க வேண்டும். அவர் அசையவில்லை. அவன் சத்தம் போடவில்லை, கேட்டைத் தொடக்கூட இல்லை. சபை வாசலில் நிற்பதுபோல் கைகட்டி நின்றான். ஒரு கணம் எனக்கு உயிர் வந்தது. நேரத்துக்கு வந்துவிட்டேன், இனி போலீஸ் வந்தால் போதும் என்று நினைத்துக் கதவைத் திறந்து இறங்கினேன்.

கார்க் கதவுச் சத்தத்தில் அவன் திரும்பினான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கக்கா," என்றான், நான் வருவதாக முன்பே பேசி வைத்ததுபோல. பிறகு மாடியை அண்ணாந்து பார்த்துக் குரலை உயர்த்தினான். "தனு, இங்க பாரு. குணவதி அக்காவும் வந்துட்டாங்க. அவங்கதான் எனக்கு விலாசமே குடுத்தாங்க."

மாடியில், கண்ணாடிப் பலகைகளைக் குறுக்கே வரிசையாக அடுக்கிய சன்னல் திறந்திருந்தது. அதன் பின்னால் தனுஜா நின்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன். "இல்ல தனு," என்றேன். அதற்குமேல் என்ன சொல்வது? அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அவள் கை சன்னலின் பிடிக்குப் போனது. கண்ணாடிப் பலகைகள் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்தன. அவள் நெற்றி, கண், வாய் துண்டு துண்டாக மறைந்தன. மூடிய கண்ணாடியில் கீழே நிற்கும் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தோம்.