பாறைக்கு அடியில் கச்சூப்பா வாசம்

எரிமலைக் குழம்பு வீட்டை மூடிய பிறகும் எத்தெல்வீனா அதே வீட்டில்தான் குடியிருந்தாள். ஃபோகு தீவில், எரிமலையின் பழைய வாய்க்குள் இருக்கும் எங்கள் ஷான் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். குழம்பு மெதுவாகத்தான் வந்தது. தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்ற நேரம் இருந்தது. அவள் புருஷன் அர்லிந்து முதலில் ஏற்றியது தன் ஒயின் பீப்பாயை; அவளுடைய தையல் மெஷினுக்கு இடமில்லை என்றான். “அப்போ அந்தப் பீப்பாயோடயே குடும்பம் நடத்து” என்று சொல்லி அவள் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கோபம் தணிந்து அடுத்த லாரியில் வந்துவிடுவாள் என்று அவன் நினைத்தான். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கறுப்புப் பாறை கிடந்தது.

பாதிரியார் பூசை வைத்தார். அர்லிந்து துக்கச் சட்டை போட்டான். கொஞ்ச நாளில் பாறைப் பிளவிலிருந்து புகை வந்தது. கந்தக வாடை இல்லை. சோளமும் மொச்சையும் சேர்ந்து வேகும் கச்சூப்பா வாசம். காதை வைத்தால் தையல் மெஷின் ஓடுவது கேட்டது. உடைக்கப் பார்த்ததில் கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம். ஊரே மாறி மாறிக் கூப்பிட்டது, பதிலே இல்லை. அர்லிந்து மட்டும் கூப்பிடவில்லை. தன் குரல் கேட்டால் அந்த மெஷின் சத்தமும் நின்றுவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

சாம்பல்மேல் வீடுகள் எழுந்தன, திராட்சை தழைத்தது, பயணிகள் வந்தார்கள், அர்லிந்து வழிகாட்டியானான். உச்சிக்குக் கூட்டிப் போகும் வழியில் பிளவருகே நிறுத்தி, பாறையின் வயது, குழம்பு வந்த வேகம், தன் மனைவியின் சமையல் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வான். பயணிகள் மோந்து பார்த்துவிட்டு நடப்பார்கள்.

ஒரு பிப்ரவரிக் காலை, புகை வரவில்லை. மெஷின் சத்தமும் இல்லை. அவன் பேச்சு பாதியில் நின்றது. அன்றைய கூட்டத்தில் தலைநகர் பிராயாவின் சந்தையில் மீன் விற்கும் இவனீல்டா இருந்தாள்.

“என்னண்ணே ஆச்சு?”

“அடுப்பு எரியலை.”

“கூப்பிட்டுப் பாருங்களேன்.”

“நான் கூப்பிட்டா வரமாட்டா. கோவக்காரி.”

“எத்தனை வாட்டி கூப்பிட்டீங்க?”

அவன் காலால் சாம்பலைக் கிளறினான்.

“ஒருவாட்டிகூட இல்லையா? நல்ல ஆம்பளைய்யா நீங்க!”

அர்லிந்து மண்டியிட்டான். “எத்து... பீப்பாயை ஏத்துனது தப்புதான். உன்னைத்தான் முதல்ல ஏத்தியிருக்கணும். வந்துருடி.”

உள்ளே தாழ் விலகும் சத்தம் கேட்டது. ரொட்டியைப் பிட்டதுபோலப் பாறை இரண்டாக விலக, எத்தெல்வீனா இடுப்பில் பானையோடு வெளியே வந்தாள். ஒரு நாள்கூட மூப்பில்லை.

“ஊரே தொண்டை கிழியக் கத்துது, உன் வாயை மட்டும் யாரு தச்சு வச்சா?”

“புகை வரலைன்னதும் நான்...” அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

“விறகு தீந்துபோச்சுய்யா. அதுக்குப் போயி அழுவாங்களா?”

அவன் அழுதுகொண்டே சிரித்தான். பானையில் இருந்த நேற்றைய கச்சூப்பாவை எல்லோரும் கையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் கம்மி என்றாள் இவனீல்டா. இவ்வளவு காலம் அடியில் இருந்தாயிற்று, மேலே எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்று எத்தெல்வீனா கூட்டத்துக்கு முன்னால் ஏறத் தொடங்கினாள். அர்லிந்து தண்ணீர்க் குடுவையைச் சுமந்துகொண்டு பின்னால் போனான். அன்று அவன் யாருக்கும் எதையும் விளக்கவில்லை; யாரும் கேட்கவும் இல்லை.