கொண்டை சிவந்த கேசரி

"இது ஆணா, பொண்ணாடி? உங்களுக்கெல்லாம் பாத்தாலே தெரியுமே?"

நீரஜா மாமி இப்படிக் கேட்டபோது நான் அவள் வீட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கம்பிக் கூண்டுக்குள் கேசரி, மிளகு என்று பேர் வைத்த ரெண்டு கோழிகளும் பூசணிக்காய்க் குடலைக் கொத்திக்கொண்டிருந்தன. குஞ்சாக வந்து நாலு மாதம் ஆகிறது. நாட்டுக்கோழி, வெள்ளைப் பண்ணைக்கோழி, கருங்கோழி எல்லாம் கலந்த கலப்பு. முட்டைகூட உள்ளே வராத வீட்டில் கோழி வளர்ந்தது மாமியின் பெண் ஹம்சினியின் பிடிவாதத்தால்தான்.

"தெரியாது மாமி."

அது உண்மை. அடையாற்றுக் கரையில் குடிசை இருந்தபோது நான் சின்னப் பெண். பிறகு பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி, ஆறாவது மாடி. கோழியை நான் அதிகம் பார்த்தது கடையில், உரித்த பிறகு.

"வெக்கப்படாதே, சொல்லு. சேவல் கூவினா கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டுடுவேன்னு அடுத்தாத்து மாமா நிக்கறார். ஆண் எதுவோ அது போயாகணும்."

"நெஜமாவே தெரியாது மாமி."

மாமி போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். "கொண்டை செவந்தா ஆணாம். கேசரிக்குப் பார், எப்படிச் செவந்துடுத்து! மிளகுக்கு ஒண்ணுமே இல்லை. சரிதானே?"

கேசரியின் கொண்டை ஒரு பக்கம் மடிந்து விழுகிற அளவுக்கு வளர்ந்து சிவந்திருந்தது. மிளகுக்குக் கொண்டை, அலகு, கால் எல்லாமே கறுப்பு. கறுப்பில் சிவப்பை எங்கே தேடுவது என்று நினைத்தேன். அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மாமி படியிறங்கிவிட்டாள்.

சாயங்காலம் ஹம்சினியிடம், "தமிழும் அதேதான் சொன்னா" என்றாள் மாமி. அந்த வீட்டில் தமிழ்மொழி என்கிற என் பெயரை முழுதாகச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

ஹம்சினிக்கும் என் வயதுதான். ப்ளஸ் டூ படிக்கிறாள். என் அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போனதும் நான் பத்தாவதோடு நின்று அம்மாவின் வேலைக்கு வந்தேன். அங்கே என்னை உட்காரச் சொன்னவள் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மோட்டார் ரூம் படியில் என் பக்கத்தில் உட்காருவாள். டீச்சர்களைப் போல நடந்து காட்டுவாள். நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் படியில் மட்டும்தான்.

அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, கேசரியை உள்ளே வைத்து அவளே என் கையில் கொடுத்தாள். "உங்க வீட்ல நன்னா வச்சுப்பியா?"

"வச்சுப்பேன்."

"அவாளுக்குத் தெரியாதாடி? எல்லாம் பாத்துப்பா" என்றாள் மாமி, என் முகத்தைப் பார்க்காமல்.

பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைத் தட்டினார். "உள்ள இன்னா, பொட்டயா சேவலா? பொட்டன்னா ஃப்ரீ. சேவல்னா டிக்கெட் எடு." பஸ்ஸே சிரித்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

வீட்டில் அப்பாவும் சிரித்தார். "மாமி வூட்லர்ந்து பார்சலா?"

"இல்ல நைனா. இது வளக்கறதுக்கு."

"ஆறாவது மாடில இன்னாத்த வளப்ப? லிஃப்ட்ல எறக்கி மேய்க்க இட்னு போவியா?"

பால்கனிக் குழாயில் அதன் காலைக் கட்டி, அரிசி போட்டு, தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். ரெண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது படிக்கட்டிலேயே மசாலா வாசனை.

"எவடி சேவல்னு சொன்னது?" என்றாள் அம்மா. "வயித்துல மஞ்சக்கரு கொத்தா கீது. பொட்ட. இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா முட்ட வெச்சிருக்கும்."

இளைத்துப் போயிருக்கிறேன் என்று அந்தக் கருவை எனக்குத்தான் வைத்தாள். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மிளகு கூவியது. தொண்டை கட்டின மாதிரி ஒரு கூவல். பக்கத்து வீட்டு மாமா கேட்டில் நின்று கத்திவிட்டுப் போனார். நான் போனபோது மாமியும் ஹம்சினியும் மாடியில் இருந்தார்கள்.

"இவ பேச்சை நம்பினேன் பாரு" என்றாள் மாமி.

ஹம்சினிக்குக் கோபமே இல்லை. துள்ளினாள். "விடும்மா! அப்போ கேசரிதான் பொண்ணு. தமிழ், நாளைக்கு அதைக் கொண்டு வந்துடு. மிளகை நீ எடுத்துண்டு போ. மாத்திக்கலாம்!"

மாமி சட்டென்று என்னைப் பார்த்தாள். கேசரி குழம்புக்குத்தான் போகும் என்பது பெட்டியைக் கொடுத்த அன்றே அவளுக்குத் தெரியும் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

"எதுக்குடி? பழகின எடத்துலயே இருக்கட்டும்."

"ஏம்மா? தமிழ், முட்டை வைக்க ஆரம்பிச்சுடுத்தா?"

நான் கொடியில் கிடந்த துணியை எடுக்கத் திரும்பினேன். ஹம்சினி அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"வச்சுப்பேன்னு சொன்னியே."

"நான் வேணாம்னுதான் சொன்னேன். வேலைக்கு வந்துட்டேன், அப்போ..."

"அவளைக் கேட்டு என்ன ஆகறது?" என்றாள் மாமி மெல்லிய குரலில். "அவா சாப்பாடு அது. நாமதான் யோசிச்சிருக்கணும்."

எது சேவல் என்று நான் சொல்லவே இல்லை, தெரியாது என்றுதான் சொன்னேன் என்று ஹம்சினியிடம் சொல்ல நினைத்தேன். மாமி அங்கேயே நின்றாள். ஹம்சினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையோ சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் போலப் பார்த்தாள்.

கூண்டைத் திறந்து மிளகைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். என் மேல் படாமல் பாவாடையை ஒதுக்கிப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.