நழுவிய கொக்கி

விடியுமுன்பே ஜப்பானியப் படைக்கலச் சாலையின் சங்கு அலறியது. உறைபனிக் குளிரில் அரத்தைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. இசோகிச்சி கைகளை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு, இடுக்கியில் இறுக்கியிருந்த சின்னஞ்சிறு கொக்கியை ராவத் தொடங்கினான். இரும்புத்தூள் தொண்டை வரை கரித்தது.

குதிரைப்படைக்கென்றே, மெய்ஜி மன்னர் ஆண்ட நாற்பத்துநான்காம் ஆண்டில் வகுத்த குட்டைத் துப்பாக்கி அது. வீரன் குத்தீட்டியைத் தனியாகச் சுமக்க வேண்டாமென்று, ஊசி போன்ற ஈட்டியைக் குழாயின் அடியிலேயே மடக்கி வைத்திருந்தார்கள். மடங்கிய ஈட்டியைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கொக்கி. ஈட்டியைத் தாங்கும் உலோகப் பிடி குட்டையாக இருப்பதால் குறி தப்புகிறது என்று புகார் வந்ததும் மேலிடம் அதை நீட்டியது. துப்பாக்கியின் குறையைக் கேட்க மேலிடத்துக்குச் செவி இருந்தது.

சைபீரியாவுக்குப் படை போனதிலிருந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு முப்பது கொக்கி என்பது ஐம்பதாயிற்று. ஒவ்வொன்றிலும் ராவியவன் எண் பொறிக்க வேண்டும்.

அன்று காலை, பக்கத்துச் சோதனை மேடையில் கூட்டாளி குமாஸோ ஒரு துப்பாக்கியைக் குலுக்கிப் பார்த்தான். கொக்கி நழுவியது. ஈட்டி விசிறிக்கொண்டு வந்து அவன் உள்ளங்கையைத் துளைத்து மறுபுறம் எட்டிப் பார்த்தது.

ரத்தத்தைக் கழுவி முடிக்கவில்லை, சாலையை மேற்பார்க்கும் கேப்டன் அசகுரா ஒரு தாளோடு வந்துவிட்டார்.

"இசோகிச்சி, நீதானே பக்கத்துல நின்ன? குமாஸோ அசட்டையா இருந்தான்னு இதுல கைநாட்டு வை. இன்னையோட அவன் கணக்கு முடிஞ்சுது."

"அவன் மேல தப்பில்லீங்கய்யா. கொக்கி பிடிக்கல."

"கொக்கி பிடிக்கலன்னா ராவினவன் தப்பு. எண்ணைப் பாத்தியா?"

இசோகிச்சி பார்த்திருந்தான். இருபத்தேழு. அவனுடைய எண். வாயைத் திறந்தால் வேலை போகும். மூடினால் கூட்டாளியின் பிழைப்பு போகும்.

"என் எண்தாங்கய்யா. நேத்து ராவின ஐம்பதுல கடைசி ஒண்ணாத்தான் இருக்கும். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. கை மட்டும் ஓடிச்சு."

"அப்ப நீயும் கிளம்பு!"

கடைசல்காரன் தொமேஜிரோ எழுந்தான். அடுக்கிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்து, எட்ட நீட்டிப் பிடித்துக் குலுக்கினான். ஈட்டி 'சடக்'கென்று விழுந்தது.

"இது அவனுது இல்லீங்க. பதினாலு. நம்ம சோபேயோட எண்."

இன்னொருவன் எடுத்தான். சடக். இன்னொன்று. சடக். எல்லாம் நழுவிவிடவில்லை; ஆனால் குறை ஒருவனுடையது மட்டுமல்ல என்று காட்ட நழுவியவையே போதுமானவையாக இருந்தன.

"குதிரை மேல போறவனுக்கும் இதேதான் ஆவும், கேப்டன். அவனும் எவனோ குடியானவன் பெத்த புள்ளதான்," என்றான் தொமேஜிரோ.

"வாயை மூடு! அரத்தை எடுங்கடா எல்லாரும்!"

யாரும் எடுக்கவில்லை. நாற்பது அரங்கள் மேசைகளில் கிடந்தன.

"பழையபடி முப்பது," என்றான் இசோகிச்சி. "குமாஸோவுக்குக் கை ஆறுற வரைக்கும் கூலி. அப்புறம் அவனுக்கு இங்கயே வேலை. இதுக்கு ஒத்துக்கிற வரைக்கும் நாங்க அரத்தைத் தொடமாட்டோம்."

கேப்டன் தாளைக் கசக்கிக்கொண்டு வெளியேறினார். ராணுவப் போலீசைக் கூட்டிவர ஆள் ஓடினான். சற்று நேரத்தில் முற்றத்தில் பூட்ஸ் ஒலி நெருங்கியது.

கையில் கட்டோடு குமாஸோ வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"எனக்காக ஏண்டா எல்லாரும் கெட்டுப்போறீங்க?"

"உனக்காக மட்டும்னு யாருடா சொன்னது?" என்றான் இசோகிச்சி. "வா, உள்ள வந்து நில்லு."

வரிசை நகர்ந்து இடம் விட்டது. பூட்ஸ் ஒலி கதவருகே வந்து நின்றபோது, உள்ளே நாற்பத்தொரு பேர் தோளோடு தோள் உரச நின்றிருந்தார்கள்.