பாதி மருந்து போட்ட கிணறு

ஸஹாப்தீன் முதலாளி எதையும் சொன்ன விலைக்கு வாங்கியவரல்ல. குறிஞ்சாக்கேணியில் பலசரக்குக் கடை. மீன்காரனும் விறகுக்காரனும் அவர் வாசலுக்கு வரும்போதே விலையை ஏற்றிக்கொண்டுதான் வருவார்கள். மகனுக்குச் சுன்னத்துச் செய்ய வந்த ஒஸ்தாவிடம்கூடக் குறைத்துக் கேட்டார் என்றும், ஒஸ்தா கத்தியைக் கையில் எடுத்த பிறகுதான் சமாதானமானார் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு.

ஆகவே கிணற்று மருந்திலும் அவர் பேரம் பேசியதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. களப்பின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் மிதவையைப் பாதை என்பார்கள். கடற்படை மனம் வைத்தால் பாதை ஓடும், வைக்காவிட்டால் ஓடாது. அந்த நெருக்கடிக்குள் வாந்திபேதியும் வந்து சேர்ந்தது. நான்கு நாளில் மூன்று ஜனாஸா. மூன்றாவதைத் தூக்க ஆள் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. வீட்டுக் கதவுகளெல்லாம் பட்டப்பகலிலேயே சாத்திக் கிடந்தன.

அந்தக் கதவுகளைத் தட்டிக்கொண்டு திரிந்தவள் கமலேஸ்வரி மிஸ்ஸி ஒருத்திதான். ஊருக்கு மருத்துவிச்சியாக வந்து ஏழு வருடம். ஆலங்கேணித் தமிழ்ப் பெண். அந்த ஊராரும் இந்த ஊராரும் ஒருவரையொருவர் கண்டு பயந்துகொண்டிருந்த காலத்திலும், வெள்ளைச் சாரியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, சைக்கிளில் தினமும் வந்து போனாள். முதல் ஜனாஸா அன்றே ஒரு வாளி குளோரின் தூளோடு முதலாளியின் கிணற்றடிக்கும் வந்தாள்.

மணம் கூடாது, தேத்தண்ணி கெட்டுப்போகும், வாடிக்கைக்காரர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்று முதலாளி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவளுக்கு அன்றைக்கு இன்னும் முப்பது கிணறு மிச்சம். வாதாடிக் களைத்துப்போய், சொன்ன அளவில் பாதியைப் போட்டுவிட்டுப் போனாள். முதலாளிக்கு அன்று நல்ல வியாபாரம் முடித்த திருப்தி.

வியாழக்கிழமை சுபஹுத் தொழுகைக்கு எழுந்த அவர் மனைவி சித்தி பரீதா, கிணற்றடியிலேயே சுருண்டு விழுந்தாள்.

வெளியே போனது வெறும் அரிசி கழுவிய தண்ணீர்போல இருந்தது. குடிக்கக் கொடுத்தார், அடுத்த நொடியே வாந்தி. முதலாளிக்கு வியாபாரப் புத்திதானே? உள்ளே போவதை நிறுத்தினால் வெளியே போவதும் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார். தண்ணீர்க் குடத்தை எடுத்துக் குசினிக்குள் வைத்துப் பூட்டினார். பக்கத்து வீட்டு ஸுல்பிகா வேலிக்கு அப்பால் நின்றே விசாரித்துவிட்டு, முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொழும்பிலிருந்த மகனுக்குச் செய்தி சொல்லவும் வழியில்லை.

பதினொரு மணிக்கு மிஸ்ஸி வந்தபோது பரீதாவின் விரல்கள் நாள் முழுக்க உடுப்புத் தோய்த்தவளுடையவைபோலச் சுருங்கியிருந்தன. கண் குழிக்குள் போயிருந்தது. மிஸ்ஸி அவளது கையின் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. 

"தண்ணி குடுத்தனீங்களோ?"

"குடுத்தா வெளிய போகுதே மிஸ்ஸி. அதால நிப்பாட்டிப்போட்டன்."

அவள் திட்டவில்லை. திறப்பை வாங்கிப் போய்க் குசினியைத் திறந்து அடுப்பைத் தானே மூட்டினாள். அவளுடைய பைக்குள் சேலைன் போத்தல் ஒன்று மினுங்கியதை முதலாளி கண்டுவிட்டார். அவருக்கு உயிர் வந்தது. அதை இவளுக்கு ஏற்றுங்கள் என்றார். ஊரிலேயே மிஞ்சியிருக்கிற போத்தல் அது ஒன்றுதான் என்றாள் அவள்; பாதை மூன்று நாளாக ஓடவில்லை, பள்ளிக்கூடத்தில் மற்ற நோயாளிகளோடு படுத்திருக்கிற லைலாவுக்காகக் கொண்டுபோகிறாள். லைலா விறகு வெட்டுகிறவனின் பெண்சாதி, ஏழு மாதக் கர்ப்பிணி.

முதலாளி பேரத்தைத் தொடங்கினார். பாதிப் பாதி என்றார். முதலில் இங்கே கொஞ்சம், மிச்சம் அங்கே என்றார். தலைமேல் ஹெலி ஒன்று கூரைத் தகரத்தை அதிரவைத்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்குள்ளும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில், தான் இந்த ஊருக்கு யார் என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

"லைலாவுக்கு விழுங்க ஏலாது, முதலாளி. உங்கட மனிசிக்கு இன்னும் விழுங்க ஏலும். கதை அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்கட கிணத்தில பாதிக்குச் சம்மதிச்சது என்ர பிழை. அந்தப் பிழையை நான் திரும்பவும் விடமாட்டன்."

முதலாளி போய்ச் சீனிப் பேணியை எடுத்து வந்தார்.

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர். ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. முதலாளி பயத்தில் சீனியைக் குவித்து அள்ளினார். அவள் கத்தியின் முதுகால் கரண்டியைத் தட்டி மட்டமாக்கினாள். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்றாள். நிமிடத்துக்கு ஒரு கரண்டி. வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

"மூத்திரம் போனா உடன எனக்கு வந்து சொல்லுங்க. அது வந்தா ஆள் தப்பும்."

  சைக்கிள் சத்தம் ஒழுங்கை முனையில் கரைந்ததும் வீடு கபுறடிபோல அடங்கிப்போனது.

முதல் கரண்டி கடைவாயால் வழிந்தது. இரண்டாவது இறங்கியது. எட்டாவதில் எல்லாம் சேர்ந்து வாந்தியாக அவர் மடியிலேயே கொட்டியது. இந்த நோய் தொட்டாலே ஒட்டும் என்று கடையில் இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. மிஸ்ஸி இப்படி எத்தனை பேரின் வாந்தியை இந்த நான்கு நாளில் கையால் துடைத்திருப்பாள் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நீளமான பத்து நிமிடத்தை அவர் அதற்கு முன் கண்டதில்லை. பரீதா மூச்சு விடுகிறாளா என்று அவள் மூக்கடியில் புறங்கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

மறுபடியும் கரண்டி. பரீதா முகத்தைத் திருப்பினாள். "போதும்" என்று உதடு மட்டும் அசைந்தது. கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் அவள் சொல்லை முதலாளி மதிக்காமல் விட்டது நூறு தடவை இருக்கும். அதில் அவர் வெட்கப்படத் தேவையில்லாதது அன்றையது ஒன்றுதான்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்து சற்று நேரத்தில் முதலாளி பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தார். சட்டையில்லை, தொப்பியில்லை. வாசலில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் குந்தியிருந்தார்கள். அவர் வந்த கோலத்தைக் கண்டு எல்லோரும் எழுந்துவிட்டார்கள்; ஒருவர் கபுறுக்குழி வெட்டுகிறவனைத் தேடித் திரும்பிப் பார்த்தார்.

"மிஸ்ஸி, எங்கட பரீதாக்கு மூத்திரம் போயிட்டு."

ஊரின் பெரிய மனிதர் தன் மனைவியைப் பற்றி அத்தனை ஆண்களுக்கு முன்னால் அப்படிச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மிஸ்ஸி லைலாவின் தலைமாட்டில் நின்றிருந்தாள். "எவ்வளவு?"

"ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருக்கும். கூட்டிச் சொல்லல்ல."

அவள் பக்கத்திலிருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அன்று அவள் உட்கார்ந்தது அப்போதுதான் என்று லைலாவின் மாமி பிறகு சொன்னாள். மேலே தொங்கிய போத்தலில் இரண்டு விரல் உயரம்தான் மிச்சம். லைலாவின் இமை லேசாகத் துடித்தது.

இது இவளுக்குக் காணுமா என்று முதலாளி கேட்டார். காணாது என்றாள் மிஸ்ஸி. இனிமேல் இவளுக்கும் கரண்டிதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு பேர், சீனி விடியும்வரை தாக்குப்பிடிக்காது.

சீனி முடிந்துவிட்டது என்று முதலாளி ஊருக்குச் சொல்லி ஒன்பது நாள். அவர் ஒருதரம் நிலத்தைப் பார்த்தார்.

"கடைக்குப் பின்னால, உமி மூட்டைக்கு அடியில ஒரு சாக்கு இருக்கு. ஆளை அனுப்புங்க. முழுச் சாக்கு."

விலை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சுவர் மணிக்கூட்டைத்தான் காட்டினாள்.

"நீங்க கரண்டியை வைச்சிட்டு வந்து ஆறு நிமிஷம், முதலாளி. ஓடுங்க. நான் பின்னால மிச்ச மருந்தோட கிணத்துக்கு வாறன்."

முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.