ஆட மறுத்த மேஜை

மேஜை ஆடவில்லை. லிஃப்ட் மெக்கானிக் நான்கு மூலைகளையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தார். கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. அவர் கைபட்ட மரச்சாமான் எதுவும் இதுவரை ஒழுங்காக நின்றதில்லை. அந்தத் திறமையை நம்பித்தான் இந்த மேஜையைச் செய்ய இறங்கினார். ஆட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்ட ஒரே ஒரு சாமான், இன்றைக்குப் பார்த்து மானத்தை வாங்குகிறது.

"நம்ம வீட்டு ஷெல்ஃப் இன்னும் சரிஞ்சுதான் கெடக்கு. அக்காவுக்குன்னா மட்டும் கை நேராயிடுதாக்கும்," என்றாள் மனைவி.

"ஆடணும்டி. ஆடினாத்தான் அது பரிசு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வருஷக் கடைசி விடுமுறைக்கு எல்லோரும் கூடுவது அக்கா வீட்டில். போன வருஷம் பரிசாக வந்து குவிந்த சுவர்க்கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்ததால், இந்தத் தடவை அக்கா உத்தரவு போட்டிருந்தாள்: "கடையில வாங்கினது வாசலோட நிக்கட்டும். கையால செஞ்சது மட்டும் உள்ள வரலாம்."

சின்ன வயதில் அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே மேஜை. பச்சைப் பெயின்ட், ஒரு கால் குட்டை. அதில்தான் சாப்பாடு, இஸ்திரி, படிப்பு எல்லாம். அட்டை, மரத்துண்டு என்று எதைச் செருகினாலும் இரண்டு நாளில் நழுவி ஓடிவிடும். தொழிற்படிப்புக்கு வரைபடம் வரைய உட்கார்ந்தால் நேர்க்கோடு அலையாக வரும். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த அக்கா, எதிரே உட்கார்ந்து குறுக்குச் சட்டத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். கண்ணயர்ந்தால் கால் நழுவும், கோடு துள்ளும். "அக்கா, காலு!" என்று இவர் கத்துவார். அந்த வரைபடங்கள்தான் வேலை வாங்கித் தந்தன. நன்றி என்ற சொல் மட்டும் தொண்டையோடு நின்றுவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அதை வெளியே எடுக்க ஒரு மேஜை தேவைப்பட்டது.

ரம்பத்தை எடுத்தார். லிஃப்ட் தரைமட்டத்துக்கு ஒரு நூல் மேலே நின்றாலும் தூக்கம் கெடுகிற மனுஷன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை அறுத்தார். மேஜை ஆடியது. அப்பாடா என்றிருந்தது. பழையதைப் போலவே பச்சைப் பெயின்டும் அடித்தார்.

விடுமுறையன்று மேஜையோடு ஒரு வாழ்த்து அட்டையும் கட்டிக் கொண்டுபோனார். அதில் 'அக்காவுக்கு' என்பதோடு சரி. அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அக்கா டீ போட உள்ளே போயிருந்தாள். அவள் கணவர் மேஜையில் கை வைத்தார். ஆடியது. தங்கமான மனிதர், பதறிப்போனார்.

"மாப்ள, யாரும் பாக்கறதுக்குள்ள சரி பண்ணிடுவோம். நான் மூச்சு விட மாட்டேன்," என்று அட்டைப்பெட்டியைக் கிழித்து, மடித்து, காலடியில் செருகியே விட்டார்.

"மாமா, அது வந்து..." என்பதற்குள் அக்கா தட்டோடு வந்துவிட்டாள்.

பச்சை நிறத்தைப் பார்த்ததும் நின்றாள். ஒரு டம்ளரை மேஜைமேல் வைத்து, டீயையே உற்றுப் பார்த்தாள். டீ அசையவில்லை. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அட்டையை உருவினாள்.

"யாரு வெச்சது?"

"நான்தான்," என்றார் கணவர். "பாவம், அளவு தப்பிடுச்சு அவருக்கு."

"தப்பலைங்க. சரியாத்தான் இருக்கு," என்று அட்டையை அவர் கையில் திணித்தாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாழ்த்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்காவுக்கு... சரி. மிச்சம் எங்கடா?"

"வரலைக்கா."

"எப்படி வரும்? ஆடுற மேஜையில." வீட்டுச் செருப்பை உதறினாள். "இப்ப எழுது."

அவர் பேனாவை எடுத்தார். மேஜை அசையவில்லை. எழுத்துதான் கலங்கித் தெரிந்தது. குனிந்து பார்த்தார். பச்சைச் சட்டத்தின்மேல் அக்காவின் கால், நரம்பு புடைத்து, அழுத்துகிற அழுத்தில் விரல்நுனிகள் வெளுத்துப்போய்.

"அங்க என்னடா பாக்கற? காலு இங்கதான் இருக்கு. எழுது."